முன்முற்றம் மட்டும் வேண்டாம்

"மண்டபத்துக்குள்ளை எல்லாம் நீங்கள்தான் பாக்கவேணும். ஆனால் முன்முற்றத்திலை மட்டும் கை வைக்கப்படாது."

உடுப்பிட்டியில் திருமண மண்டபம் நடத்தும் கனகசபாபதி இப்படிச் சொன்னதும் சுபாஜினி திகைத்தாள்.

"ஏன் ஐயா? வாற சனத்தின்ரை கண்ணிலை முதல் படுறது முற்றந்தானே?"

"காரணம் கேளாதை, பிள்ளை. விடிய அஞ்சு மணிக்குப் பின்படலையாலை வரவேணும். ஏழுக்கு முதல் போயிடவேணும். உங்கடை விளம்பரப் பலகை, பேர் போட்ட சட்டை ஒண்டும் இஞ்சை தெரியப்படாது. நீங்கள் இஞ்சை வாறதை ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது."

"ஓம் ஐயா" என்றாள் சுபாஜினி. வேறு வழியில்லை.

கொழும்பு ஹோட்டலொன்றில் ஒன்பது வருடம் துப்புரவு வேலை செய்தவள் அவள். சொந்த ஊரான வல்வெட்டித்துறைக்குத் திரும்பி, துணைக்குக் கஜானியைச் சேர்த்துக்கொண்டு, துப்புரவு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தாள். வங்கி, ரியூட்டரி வகுப்பு, பல் வைத்தியர் என்று பதினொரு இடங்களில் படியேறியாயிற்று. எங்கும் ஒரே பதில்தான்: "எங்களிட்டைக் கூட்டுறதுக்கு ஆள் இருக்கு, பிள்ளை."

இந்த ஒரு மண்டபம் போதாது. இன்னும் இரண்டு இடங்களாவது கிடைக்கவேண்டும். இல்லையேல், மகளின் அடுத்த பாடசாலைத் தவணை தொடங்குமுன், அவளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கே போகவேண்டியதுதான். நாலு பேர் கண்ணில் தன் பலகை படாமல் அந்த இடங்கள் எப்படிக் கிடைக்கும்?

ஆட்டோவில் ஏறியதுமே கஜானி பொரிந்து தள்ளினாள்.

"எனக்கு விளங்கீட்டுது அக்கா. கூலிக்குக் கூட்டுற ஆக்கள் முன்வாசலிலை நிண்டால் அவரின்ரை மண்டபத்துக்கு மானக்கேடாம்! எங்களைக் கள்ளர் மாதிரிப் பின்னாலை வரட்டாம். கோயில் தேருக்கு மட்டும் முதல் ஆளாய் வடம் பிடிக்கிற மனுசன்!"

"வாயைப் பொத்து, கஜானி" என்றாள் சுபாஜினி. ஆயினும் அந்தச் சொல் அவள் நெஞ்சிலும் தைத்தது.

பத்து நாட்கள் சொன்னபடியே நடந்தாள். பதினோராம் நாள் பெரிய கல்யாணம். வடமராட்சிப் பகுதியே திரண்டு வரும்.

"இண்டைக்கு முற்றத்தையும் கூட்டுவம். பலகையையும் வைப்பம். எங்கடை வேலையைச் சனம் பாக்கட்டும்!" என்றாள் சுபாஜினி.

மாமரத்துச் சருகெல்லாம் ஒரு சாக்குக்குள் போயிற்று. முற்றம் கண்ணாடிபோல் ஆனது. தூணருகே பலகையைச் சாத்திவிட்டு, சனம் வருவதைப் பார்க்க இருவரும் உள்ளே கதவின் பின்னால் காத்து நின்றார்கள்.

ஏழு மணிக்கு முன்படலை திறந்தது.

அறுபதை நெருங்கிய ஓர் அம்மா வந்தார். ஒரு கையில் விளக்குமாறு. மறுகை மதிலைத் தொட்டுத் தடவிக்கொண்டே வந்தது. முற்றத்தின் மூலையில் நின்று விளக்குமாற்றை ஒரு தடவை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு தலையைச் சரித்துச் செவிமடுத்தார்.

"ஐயா! சருகுச் சத்தத்தைக் காணேல்லை!"

கனகசபாபதி ஓடிவந்தார். முற்றத்தைக் கண்டார், பலகையைக் கண்டார். சட்டென்று பலகையைத் தூணின் பக்கம் திருப்பி வைத்தார்.

"அது... இரவு பெரிய காத்து, குணலட்சுமி."

"காத்து சருகைக் கொண்டுவந்து போடும் ஐயா, கூட்டி அள்ளிக்கொண்டு போகாது. ஆரோ புது ஆளைப் பிடிச்சிட்டியள். சரி. இனி நான் என்னத்துக்கு?"

விளக்குமாறு மதிலோரம் சாய்ந்தது. அவரும் அதனருகே குந்திக்கொண்டார்.

கனகசபாபதி உள்ளே வந்தார். முகத்தில் கோபமில்லை, பயந்தான் இருந்தது. மெல்லிய குரலில் சொன்னார்:

"இருபத்துநாலு வருசமாய் இந்த மண்டபத்தைக் கூட்டினவ, பிள்ளை. சீனி வருத்தம் கண்ணைத் திண்டுட்டுது. உள்ளை கிடக்கிற ஊத்தை அவவின்ரை கண்ணுக்குத் தெரியாது. முற்றத்தை மட்டும் சருகின்ரை சத்தத்தை வைச்சுக் கூட்டுவா. வேலை இல்லாமல் சம்பளம் குடுத்தால் என்ரை முகத்திலை எறிஞ்சிடுவா. அதுக்குத்தான் உங்களை ஒளிச்சு வரச்சொன்னனான்."

"முதலே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொன்னால் ஊர்வாய் சும்மா கிடக்குமோ? அவவின்ரை காதுக்குப் போயிருக்கும். உங்கடை பலகையை வாசிக்கிற சனமும் அவவிட்டைச் சொல்லிப்போடும்."

கஜானி தலையைக் குனிந்துகொண்டாள்.

அழுக்கை அகற்றுவது தொழில். அதனோடு சேர்த்து ஒரு மனிதரின் மதிப்பையும் கூட்டி அள்ளிவிடாதிருப்பது அறம். அந்த அறத்தைச் சுபாஜினிக்கு எந்த ஹோட்டலும் கற்பித்திருக்கவில்லை.

அவள் காலடிச் சத்தம் கேளாதபடி செருப்பைக் கழற்றினாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு பக்கவாசலால் போனாள். மாமரத்தடியில் ஓசைப்படாமல் அதைக் கவிழ்த்து, சருகுகளைக் கையால் பரப்பிவிட்டுத் திரும்பினாள்.

வெறும் சாக்கைக் கண்ட கனகசபாபதியின் கண்கள் கலங்கின, உதடுகளோ சிரித்தன.

"குப்பை போடவும் தெரிஞ்ச துப்புரவுக்காரியை இண்டைக்குத்தான் காணுறன். நெல்லியடியிலை என்ரை மருமகனின்ரை கிளினிக் இருக்கு. அவன்ரை கூட்டாளி ஒருத்தன் கடைத்தொகுதியும் வைச்சிருக்கிறான். ரண்டு பேருக்கும் இண்டைக்கே சொல்லுறன். அங்கை உன்ரை பலகையைத் தலைவாசலிலேயே கொழுவு, பிள்ளை!"

அந்நேரம் காற்று ஒருமுறை வீசியது. முற்றத்தில் சரசரவென்று சத்தம் எழுந்தது. தொடர்ந்து குணலட்சுமியின் குரல், வெற்றிக் களிப்போடு, மண்டபம் முழுவதும் கேட்டது.

"ஐயா! மாமரத்தடியிலை இவ்வளவு சருகு கிடக்குது, காத்தாம் காத்து! முதல்லை நீங்கள் போய் உங்கடை கண்ணைக் காட்டுங்கோ!"