அந்துருண்டை

முனாப்பின் ஒற்றை அறை வீட்டில் பாதி இடத்தைத் தகரப் பெட்டியே அடைத்திருந்தது. அவன் மனைவி அமீனா அதிலிருந்த கல்யாணப் பட்டுச் சீலையை வெயிலில் காட்டி, கண்ணாடி வளையல்களைத் துடைத்து, புது அந்துருண்டை போட்டு மூடினாள்.

"நீ கட்டுற சீலைக்குக் கோணிப்பை, கட்டாத சீலைக்குப் பெட்டியா?" என்றாள் புதிதாகப் பக்கத்தில் குடிவந்த பாஞ்சாலி.

தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவன் கூவினான்.

"அதையெல்லாம் போட்டுட்டு ஒரு எவர்சில்வர் குண்டா வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு, முனாப் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

அமீனா பெட்டியைப் பூட்டினாள்.

"அவரே சொல்றாரு, போடேன்மா" என்றாள் பாஞ்சாலி.

"இது அவரோட மொதப் பொண்டாட்டியோடதுக்கா. செத்துப் போனவ. அவ பட்டே குண்டாவுக்குப் போனா, என் கோணிப்பைய யாரு வெச்சிருக்கப் போறாங்க?"