'சொன்னான்' என்றால் போதும்

கிளைவ் மறுபடியும் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

எங்கள் எழுத்தாளர் வட்டத்தில் அதுதான் சட்டம். 'இருண்டுபோய்', 'சோர்ந்துபோய்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டார்க்லி', 'க்ளூமிலி' என்று வாலில் 'லி' ஒட்டிய இருட்டுச் சொல் வந்தால் தலைவர் தட்டுவார். வாசிக்கிறவர் அதை அங்கேயே பேனாவால் அடித்துவிட வேண்டும்.

பெரிய இலக்கியவாதிகள் என்று நினைப்பு! வெளியே யார்க்‌ஷயர் மழை. உள்ளே, நூலகத்துப் பின்னறையில், ஆறிப்போன டீயும் நமுத்த பிஸ்கட்டும். கிளைவ் எழுதிய ஒரே புத்தகம் எங்கள் ஊர்க் கால்வாயைப் பற்றியது. அதை அவர் மனைவியே படிக்கவில்லை.

ஆனால் அன்று வாசித்த மாவிஸின் கதையைக் கேட்டால் கரண்டியைப் பிடுங்கி நானே தட்டலாம் போலிருந்தது.

ஒரே பக்கம். புருஷன் இருண்ட முகத்தோடு குட் மார்னிங் சொல்கிறான். சோர்ந்துபோய் டோஸ்ட் கேட்கிறான். கண்ணில் ஒளியே இல்லாமல் நாய்க்குச் சாப்பாடு வைக்கிறான். நாய்க்குச் சாப்பாடு வைக்க எதற்கு இத்தனை இருட்டு? சிரிப்பை அடக்க பிஸ்கட்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

மாவிஸ் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கதை எங்கள் ஆண்டு மலரில் வர வேண்டுமென்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

கடைசி வரியை வாசித்தாள். பால் வாங்கிட்டு வரேன் என்று அவன் இருண்டுபோய்ச் சொன்னான்.

டிங்.

இந்த முறை அவள் அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"அட, பால் வாங்கப் போறவன் எதுக்கும்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறான்? 'சொன்னான்'னு போட்டாப் போதும். நிஜத்துல யாராவது இப்படிச் சொல்லுவாங்களா?" என்றார் கிளைவ்.

எல்லோரும் சிரித்தோம்.

"நிஜத்துல அப்படிச் சொல்லலதான்" என்றாள் மாவிஸ். "எங்க வீட்டுக்காரர் டெனிஸ் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிட்டுப் போனாரு. மத்தியானம் போலீஸ் வந்து, அவரே உயிர முடிச்சுக்கிட்டாருன்னு சொன்னாங்க. காலைல முகத்துல ஏதாவது தெரிஞ்சுதாம்மான்னு கேட்டாங்க. ஒண்ணுமே தெரியல, கிளைவ். அதான், இதுலயாவது தெரியட்டும்னு போட்டேன்."



மாவிஸ் பேனாவைத் திறந்தாள். முதல் வரிக்குப் போய், அடித்ததையெல்லாம் திரும்ப எழுதத் தொடங்கினாள்.