இரண்டாம் தரம்

கணவர் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே, குவபாரா அம்மாள் அவருடைய இசைத்தட்டுகளை விற்க, டோக்கியோவில் உள்ள என் கடைக்கு வந்தார். பெட்டியில் ஒரே வயலின் கச்சேரியின் பதினோரு பிரதிகள். 1964-இல் இங்கேயே ஓர் அரங்கில் பதிவானது. ஒவ்வோர் உறையிலும் அவர் கணவரின் பென்சில் எழுத்து: ‘இரண்டாம் தரம். காரணம்: மனைவி.’

“அன்னிக்குக் கச்சேரில, அமைதியா போற இடத்துல நான் இருமிட்டேன், தட்டுல ஏறிடுச்சு. இருமல் இல்லாத பிரதி கிடைக்கும்னு அம்பது வருஷம் தேடித் தேடி வாங்கினார். ஒவ்வொண்ணையும் என்னை உக்கார வெச்சுத்தான் போடுவார். ஒவ்வொண்ணுலயும் என் இருமல்தான் கேக்கும்.”

“பதிவுலயே இருக்கற சத்தத்துக்கு நாங்க தரம் குறைக்கறதில்லைம்மா. கீறல் இருந்தாத்தான்.”

“அதை அவர்கிட்ட யார் சொல்றது?”

தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. முள்ளை வைத்தேன். அந்த இடம் வந்தது, இருமலும் வந்தது. ஆனால் அது ஓர் ஆணின் இருமல், சளி கட்டிய கிழட்டு இருமல். அடுத்த பிரதியிலும் அதே. பதினொன்றிலும் அதே.

அம்மாள் தன் மடியிலிருந்த கைப்பையை மூடினார்.

“ஆஸ்பத்திரில கடைசி மூணு மாசம் அவர் இருமினதைக் கேட்டேன். இதேதான்.”

நான் ‘முதல் தரம்’ என்று எழுதப் போனேன். அவர் பென்சிலையும் ரப்பரையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பதினோரு உறைகளிலும் ‘மனைவி’யை அழித்துவிட்டு ‘கணவர்’ என்று எழுதினார். தரத்தை அப்படியே விட்டுவிட்டார்.