சனிக்கிழமை எண்ணெய்

"இன்னைக்கி சனிக்கெழமை. எண்ணெ வாங்கக் கூடாது," என்றாள் கன்னிகா.

சின்னப்பன் கையிலிருந்த காலிக் கேனைக் கீழே வைத்தான்.

திருப்பதி-சித்தூர் ரோட்டில் கன்னிகா நடத்தும் கார் வாஷில் அவன் வேலைக்காரன். அன்று காலைதான் லிஃப்ட்டின் இரும்புத் தண்டைத் துரு போகத் தேய்த்து வைத்திருந்தான். காரைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிற தண்டு அது. தேய்த்து முடித்து, தடவலாம் என்று கேனைக் கவிழ்த்தால் சொட்டு எண்ணெய் இல்லை. நேற்றே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"நாள் முச்சூடும் தண்ணி அடிக்கிற எடம்க்கா. இப்படியே உட்டா காலைல செவந்துரும்."

"நாளைக்கி வாங்கித் தடவு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். துரு ஏறிய தண்டு ஏறி இறங்கினால் உள்ளே அழுத்தத்தை அடைத்து நிற்கிற ரப்பர் சீல் கிழியும், கார் தானாகக் கீழே இறங்கும். போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு கார் இறங்கியது. அடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தவன் சின்னப்பன். குனிந்து ஓடியதால் பிழைத்தான்.

"இது இன்ஜின் ஆயிலுக்கா. சாமிக்கு ஊத்துற எண்ணெயா?"

"எதுவா இருந்தா இன்னா? உனக்கு ஏழரை நடக்குதுன்னு நீதான சொன்ன? வாய மூடிக்கினு வேலயப் பாரு."

நடப்பது உண்மைதான். பைக்கில் விழுந்து எழுந்தான், அடுத்ததாகப் பிள்ளைக்கு டெங்கு. சனீஸ்வரன் என்றால் அவனுக்கும் பயம்தான். ஆனால் இது புரட்டாசி. மலைக்குப் போய் இறங்கும் கார்கள் நாளைக்கு விடிந்ததுமே வரிசை கட்டிவிடும். அத்தனைக்கும் அடியில் நிற்கப் போவது சனீஸ்வரனா, கன்னிகாவா?

சாயந்திரம் அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன். தண்டுகிட்ட ஒருத்தரும் போவக் கூடாது."

விளக்கில் ஊற்ற மட்டும் எண்ணெய் கிடைக்குமாக்கும் என்று சின்னப்பன் கறுவினான். ரூமில் உட்கார்ந்து காசு வாங்குகிறவளுக்கு அடியில் நிற்கிறவன் உயிர் எங்கே தெரியப் போகிறது?

பொழுது சாயச் சாய அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்டில் அங்கங்கே செம்மஞ்சளாகப் பொட்டுகள் கிளம்பியிருந்தன. சனி பிடித்தாலும் பிடிக்கட்டும், கார் விழுந்து சாவதைவிட அது மேல் என்று கேசவனின் ஆயில் கடைக்கு ஓடினான்.

"லேது அன்னா," என்று கேசவன் கையை விரித்தான். "இருந்த ஒரு கேனயும் இப்பதான் வாங்கிக்கினு போனாங்க."

சனிக்கிழமையும் அதுவுமாக எண்ணெய் வாங்கிய அந்தப் பாவி யார்? மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

லிஃப்ட்டின் அடியில் கன்னிகா குந்தியிருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை எண்ணெயோடு, பொட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துத் தண்டில் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுக் கேன்.

சின்னப்பன் அதை எடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாத. எட்டி நில்லு."

"நீங்கதானக்கா வாங்கக் கூடாதுன்னீங்க?"

"நான் வாங்கப் போறேன்னா நீ உட்டிருப்பியா? என்னைய உக்கார வச்சிட்டு நீ ஓடியிருப்ப." துணியை மறுபடி எண்ணெயில் நனைத்தாள். "ஏற்கெனவே உன் தலைமேல ஒரு சனி உக்காந்துக்கினு கீறாரு. இன்னைக்கி வாங்குனதுக்கு எது வந்தாலும் என் தலையோட போவட்டும்."