கதவுக்கு வெளியே தம்பி

நான்கு மணி வெயில் அரபு நகரமான புரைதாவின் நர்சுகள் விடுதி வாசலில் இன்னும் காய்கிறது. பாதி திறந்த இரும்புக் கதவுக்கு உள்ளே கறுப்பு அபாயா அங்கியில் நர்ஸ் மாரிவிக். வெளியே, தூரத்து நகரமான தம்மாமில் விடியலில் பஸ் ஏறி வந்த அவள் தம்பி ரோடெல். பிலிப்பைன்ஸை விட்டு வந்த மூன்று வருடத்தில் இன்றுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நடுவில் நிற்கும் வார்டன் உம்மு சுல்தான் இருவரின் அடையாள அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். "குடும்பப் பேரு வேற வேறயா இருக்கே?" "கல்யாணத்துல என் பேரு மாறிடுச்சும்மா. இவன் என் கூடப்பொறந்தவன்." "எல்லாப் பொண்ணும் இதத்தான் சொல்லுது." ரோடெல் தொப்பியைக் கழற்றி முகத்தை நீட்டுகிறான். "மூக்கப் பாருங்கம்மா, ரெண்டும் ஒரே சப்பை!" வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் சிரித்துவிடுகிறார். வார்டனின் கண்ணிலும் ஒரு நொடி சிரிப்பு வந்து போகிறது. "நான் நம்புறேன்மா. ஆனா மேல இருக்கறவங்க கூடப்பொறந்தவன்னு காட்டுற காகிதம் கேப்பாங்க, அது இல்லாம பாக்க விட முடியாது," என்று அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கிறாள். கதவு சாத்தப்படுகிறது, தாழ்ப்பாள் விழுகிறது. மாரிவிக் அங்கேயே நிற்கிறாள். கதவின் அடியில் நாலு விரல் இடைவெளியில் தூசி படிந்த அவன் ஷூக்கள் தெரிகின்றன. அவையும் நகரவில்லை. "அக்கா, உள்ள போயிட்டியா?" "இல்லடா." அவள் கதவில் உள்ளங்கையை வைக்கிறாள். "நீ மொதல்ல கெளம்பு," என்கிறாள். "நீ மொதல்ல உள்ள போ," என்கிறான்.