பாலத்துக்கு இந்தப் பக்கம்

வாட்சில் ஒன்றுமில்லை.

மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். நேற்று ஓடியது இருந்தது. முந்தாநாள் ஓடியது இருந்தது. இன்று விடிகாலையில் மாமா ஓடிய ஓட்டத்தை மட்டும் காணோம்.

திரௌபதியம்மன் கோயில் வாசலில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. வாய்ச்சண்டை எதற்கு, வாட்சைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று சவடால் அடித்து எல்லாரையும் நிறுத்தி வைத்தவனே நான்தான். மாமாவின் கையிலிருந்து அதைக் கழற்றி வாங்கியவனும் நான்தான்.

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

மாமா என்றால் என் அக்கா மாலதியின் புருஷன் செம்பியன். நாளைக்குத் தீ மிதிக்கப்போகிறவர். அவர் மகள் தேன்மொழி சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அக்கா அவள் கூடவே இருக்கிறாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு மாமா காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் தீமிதி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை வெள்ளாற்றுப் பாலம். சிதம்பரம் அதற்கு அந்தப் பக்கம்.

மஞ்சள் கயிறு கையில் ஏறிய நாளிலிருந்து மனுஷன் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. இருட்டிலேயே எழுந்து ஏரிக்கரையைச் சுற்றி ஓடுவார். எப்போதும் ஓடுகிறவர்தான். இப்போது எதுவோ துரத்துகிற மாதிரி ஓடினார்.

அப்படிப்பட்டவரைத்தான், பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வரக் கண்டேன் என்று பால்வண்டி ராஜவேல் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். கோயில் தலைவர் சின்னையன் உடனே நியாயம் பேச உட்கார்ந்துவிட்டார். தாண்டியது நிஜமென்றால் காப்பை அவிழ்க்க வேண்டியதுதான், குண்டத்தில் இறங்க விட முடியாது என்றார்.

பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவனைத் தீயில் இறங்காதே என்று சொன்னால் அவன் எங்கே போய் நிற்பான்? அந்த ஆத்திரத்தில்தான் வாட்சைப் பற்றி வாயை விட்டேன். போன வாரம் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும்போது கடலூரில் நானே வாங்கிக் கொடுத்தது. எங்கெங்கே ஓடினோமோ அதையெல்லாம் மேப்பில் சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டும்.

"என்னா மாமா பண்ணி வச்சீங்க?"

"நிறுத்தறப்ப என்னுமோ கேட்டுச்சி மச்சான். அமுக்கிட்டன்."

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மேல் பட்டனை அமுக்கினால் நிற்கும். பிறகு சேவ். அதற்குக் கீழே டிஸ்கார்டு என்று ஒன்று வரும், அந்தப் பக்கமே கை போகக் கூடாது. தலையைத் தலையை ஆட்டினார். அந்தச் சனியனும் சும்மா அழித்துவிடாது, நிஜமாகவே அழிக்கவா என்று இன்னொரு தடவை கேட்கும். அதற்கும் ஆமாம் என்று அமுக்கியிருக்கிறார். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற மனுஷன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜவேலை நாலு அறை விடலாமா, மாமாவைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது. நமக்காக ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறானே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது பார்த்து போன் அடித்தது. அக்கா.

பந்தல்கால் ஓரமாக ஒதுங்கிப் போய் எடுத்தேன். அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"உங்க மாமா பத்தரமா வந்து சேந்துட்டாரா? வெளிச்சம் வர்றதுக்குள்ள பாலத்தத் தாண்டிடணும்னு ஓடனாருடா. வண்டிய எடுத்தா ஊரு கேக்கும்னு ஓடியே வந்திருக்காரு. புள்ள அவரு கைய வுடவே இல்ல."

போனைப் பையில் போட்டேன்.

வாட்ச் இன்னும் என் கையில்தான் இருந்தது. பட்டனை ஒருமுறை அமுக்கினேன். ஓட்டத்தை அழித்தாலும், காலையிலிருந்து எடுத்து வைத்த அடிகளின் கணக்கை அது அழிக்காது. அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏரியை எத்தனை சுற்று சுற்றினாலும் அவ்வளவு வராது.

ராஜவேல் பக்கத்தில் வந்து கையை நீட்டினான். அவன் மச்சினனிடமும் இதே வாட்சுதானாம். ஓட்டம் போனாலும் நடந்தது தனியாக இருக்குமாம், கொடுத்தால் அவனே எடுத்துக் காட்டுவானாம்.

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை. இந்தப் பக்கம் நின்று பிள்ளைக்காக வேண்டிக்கொள், அந்தப் பக்கம் போய்ப் பிள்ளையைத் தொடாதே என்று எவன் சொல்லி வைத்தானோ, அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல வந்தது. கையில் கிடைத்தது வாட்ச்தான்.

"அவரு ஒழுங்காதான் ஓடனாரு. நான்தான் ஒழுங்கா சொல்லிக் குடுக்காம வுட்டுத் தொலைச்சேன். ஏரிக்கர ஓட்டத்தக் கூட ஒழுங்கா வச்சிருக்காத வாட்சு ஒரு வாட்சா?" என்று கத்திக்கொண்டே, கற்பூரம் ஏற்றுகிற கல்லில் ஓங்கி அடித்தேன். ஓட்டக்காரர்களுக்கென்று செய்தது, லேசில் உடையவில்லை. மூன்றாவது அடியில்தான் கண்ணாடி சிதறி வெளிச்சம் அணைந்தது.

சின்னையன் சிதறல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருட்டில் கண்டதை வைத்து ஒருத்தன் வேண்டுதலைத் தடுக்க முடியாது, நாளைக்கு நேரத்தோடு குண்டத்துக்கு வந்து சேரட்டும் என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

மாமா அப்போதுதான் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னேன்.

"எழுந்து உக்காந்துட்டாளாம். கஞ்சி கேட்டாளாம்."