ஒரு நகரம்தான் பாக்கி

“ஏம்மா, அந்தத் துணி…” என்று அறை வாசலில் நின்று இழுத்தான் கணவன்.

“ரெண்டு நிமிஷம்!” அவள் கணினியில் ஆடிக்கொண்டிருந்த நாடு பிடிக்கும் ஆன்லைன் விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துவைக்கப் போடுவது அவன், காயப்போடுவது அவள் என்பது வீட்டு ஒப்பந்தம். காலையிலிருந்து இது எத்தனையாவது ‘ரெண்டு நிமிஷம்’ என்று அவனுக்கே தெரியவில்லை. கைபேசியைத் தட்டிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டான்.

அவள் ஹெட்போனில், கூட ஆடும் தோழியிடம் பொரிந்து தள்ளினாள்.

“எவன்டி இவன், ‘அடியேன்’னு பேர் வச்சுக்கிட்டு ஆட வந்திருக்கான்? சண்டைக்கும் வரமாட்டேங்குறான், சமாதானத்துக்கும் வரமாட்டேங்குறான். மதப் பிரசாரகர்களை மட்டும் வரிசையா அனுப்புறான். என் நகரமெல்லாம் ஒவ்வொண்ணா அவன் மதத்துக்கு மாறுது!”

“என் நாடு எப்பவோ மாறிடுச்சு. உனக்கும் ஒரு நகரம்தான் பாக்கி. அதுவும் மாறினா அவன் ஜெயிச்சுடுவான். ஆமா, அவன் மதத்துக்கு என்ன பேர் வச்சிருக்கான்னு படிச்சியா?”

“அதைப் படிக்கத்தான் நான் உக்காந்திருக்கேனா? இவ்வளவு பெரிய படையை வச்சிருக்கேன், சொன்னதையே சொல்லிச் சொல்லித் தோற்கடிக்கிறான்டி!”

கடைசி நகரமும் மாறியது. திரை முழுக்கத் தங்க எழுத்துகள் மின்னின.

‘அடியேனுக்கு வெற்றி! உலகம் முழுவதும் தழுவிய மதம்: மெஷின்ல கிடக்குற துணியைக் காயப்போடு.’

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஹெட்போனில் தோழி சிரித்தாள்.

“என் ஜனங்க எல்லாரும் மாறியாச்சு. இனி நீ ஒருத்திதான் பாக்கி. எந்திரிச்சுப் போடி!”